நான்காம் மாடியில் ஆங்கிலம்

யோகொஹாமா
செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

புயல் போன மறுநாள் வானம் கழுவித் துடைத்ததுபோல் இருக்கிறது. சகத்தாவில் உன் முடிதிருத்தும் கடைக் கூரைத் தகரம் பறக்காமல் இருக்கிறதா? குனிந்து குனிந்து ஊராருக்குத் தலை அலசி நீ வாங்கிக்கொண்ட இடுப்பு வலி இப்போது தேவலையா? நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ உதட்டைச் சுழிப்பது தெரிகிறது. எனக்கு இடம் மாறியிருக்கிறது. ஊர் மாறவில்லை, மாடிதான். வசந்தத்தில் எங்கள் கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கினார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதிலிருந்து தொட்டதற்கெல்லாம் ஆங்கிலம். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில்கூட முறைவைத்து வாரம் ஒருவர் ஆங்கிலத்தில் பேச வேண்டும். எல்லோரும் 'எனக்கு மீன் பிடிப்பது பிடிக்கும்' என்று ஒப்பித்துவிட்டு வரிசைக்கு ஓடி வந்துவிடுகிறார்கள்.

இந்த மாதம் முதல் என்னைக் கொள்முதல் பிரிவிலிருந்து நான்காம் மாடிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அறையின் பெயர் 'திறன் வளர்ப்பு அறை'. காலை முதல் மாலை வரை ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு வேலை கிடையாது. உள்ளே போகுமுன் கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பென்சில், தாள், புத்தகம்தான் துணை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். மாலையில் வீட்டுக்குப் போனால் பேசத் தெம்பு இருப்பதில்லை.

ஜனவரித் தேர்வில் 990க்கு 730 எடுத்தால் என் பழைய மேசைக்கே திரும்பலாம் என்று பிரிவுத் தலைவர் நெகொரோ சொல்லியிருக்கிறார். போன தடவை நான் எடுத்தது 410. சிரிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் வருமுன் அடுப்புக் குழாயைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடு, நீயே ஏணியில் ஏறாதே.

தம்பி,
கத்சுயா

*

சகத்தா
செப்டம்பர் 20

கத்சுயாவுக்கு அக்கா எழுதுவது.

கூரை பத்திரம். இடுப்பு என்னோடு கோபித்துக்கொண்டும் கூடவேதான் இருக்கிறது. ஏணியில் நேற்றே ஏறிவிட்டேன், குழாய் சுத்தம்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். அப்போது நாற்காலியில் இருந்தவர் தோகாஷி அம்மா. தலையில் சாயம் பூசி, பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதும் அவர் வாய் பிளந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

"என்னது, வேலையே வாங்காம, சம்பளமும் குடுத்து, படிக்கவும் வைக்கிறாங்களா? அடேங்கப்பா! நொபுகோ, உன் தம்பியப் பெரிய ஆளாக்கப் போறாங்க. வெளிநாட்டுக்கே அனுப்பினாலும் அனுப்புவாங்க பாரு."

மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன்கடைக்காரர், "உன் தம்பி இங்கிலீஷ்ல கனவு காண்றானாமே?" என்று கேட்டு இரண்டு கானாங்கெளுத்தியை இனாமாகக் கொடுத்தார். உன்னால் எனக்குக் கிடைத்த முதல் லாபம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு மேடையேறி என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? தொட்டிக் கெண்டைபோல் வாயைத் திறந்து திறந்து மூடினாய். கொடுத்த நேரம் முடிந்ததும் அழகாகக் குனிந்து வணங்கி இறங்கினாய். கைதட்டியது நான் மட்டும்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அம்மா மொத்த வாயையும் எனக்கே கொடுத்துவிட்டாள், உனக்கு மிச்சமில்லாமல் போயிற்று. நல்லவேளை, இந்தத் தேர்வில் காதால் கேட்டுக் கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதுமாமே. தோகாஷி அம்மாவின் பேத்தி சொன்னாள்.

நெகொரோ சாருக்கு என் நமஸ்காரத்தைச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. மனைவி போன வீட்டில் சட்டி காய்ந்துதான் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா,
நொபுகோ

*

யோகொஹாமா
அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

தெருவோர மரங்கள் பழுக்க ஆரம்பித்துவிட்டன. அங்கே ஆற்றங்கரையில் சேப்பங்கிழங்குக் குழம்பு கொதிக்கும் காலம். என் பங்கையும் நீயே சாப்பிட்டிருப்பாய். உடம்பு எப்படி இருக்கிறது? எனக்குக் கால் மட்டும் ஓயாமல் ஆடுகிறது, மற்றபடி ஒன்றுமில்லை.

நான் எப்படிப் படிக்கிறேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ரயிலில் சொல் அட்டைகள். அறைக்கு வந்ததும் காதில் ஒலிக்கருவி. ஒரு ஆணும் பெண்ணும் பேசுவார்கள். அவர்கள் எங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஆண் அடுத்து என்ன செய்வான் என்று கண்டுபிடிக்க வேண்டும். மதியத்துக்குமேல் மாதிரித் தேர்வு. முடித்ததும் நானே திருத்தி, நானே மதிப்பெண் போட்டு, நானே திட்டிக்கொள்வேன். பிறகு பென்சில் சீவுவேன். கூராகத்தான் இருக்கும், இருந்தாலும் சீவுவேன். எழுந்து கழிவறைக்குப் போவேன், வருவேன். சுவரோரத்தில் ஒருவர் உட்கார்ந்து அதையும் குறித்துக்கொள்கிறார்.

அறையில் ஐந்து பேர். எனக்குப் பக்கத்தில் உசாமி என்பவர். என்னைவிடப் பெரியவர், வரைபடப் பிரிவிலிருந்து வந்தவர். முதல் நாளே காதோரம் குனிந்து, "தம்பி, நாமெல்லாம் வயக்காட்டு பொம்மைங்க. வித்தியாசம் என்னன்னா, அதுக்காச்சும் காக்கா ஓட்டுற வேல இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, இருமல்போல் மாற்றிக்கொண்டேன்.

இந்தத் தேர்வுப் புத்தகத்துக்குள் ஓர் ஆபீஸ் இருக்கிறது, அக்கா. அங்கே ஜெராக்ஸ் மிஷின் எப்போதும் பழுது. கூட்டம் எப்போதும் தள்ளிப்போகும். சரக்கு எப்போதும் தாமதம். ஒருவன் ஏணியில் நிற்பான், ஒருத்தி பெட்டிகளை அடுக்குவாள், 'அந்த அறிக்கை எங்கே?' என்று யாராவது போன் செய்துகொண்டே இருப்பார்கள். யாரும் சும்மா இருப்பதில்லை. போகப்போக அவர்கள்மேல் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

விளையாட்டுக்குச் சொன்னேன்.

மாதிரித் தேர்வில் 520 வந்துவிட்டது. தோகாஷி அம்மாவிடம் சொல். இல்லை, வேண்டாம், ஒன்றும் சொல்லாதே.

கத்சுயா

*

சகத்தா
நவம்பர் 8

கத்சுயாவுக்கு,

ஆற்று முகத்துவாரத்துக்கு அன்னங்கள் வந்துவிட்டன. விடியுமுன்னே கூச்சல். குளிருக்குக் கம்பளி எடுத்துவிட்டாயா? என் இடுப்பைப் பற்றி இனி கேட்காதே, கேட்டால் அதற்குத் தலைக்கனம் ஏறிவிடுகிறது.

பின்கட்டு மரத்தில் இந்த வருடம் பெர்சிமன் காய்ப்பு அதிகம். நம் மரத்துப் பழத்தைப் பறித்தவுடன் கடித்தால் நாக்கு பலகையாகிவிடும், உனக்கே தெரியும். துவர்ப்பு எடுக்கக் காம்பில் சாராயம் தொட்டு, காற்றுப் புகாமல் மூடி, அது போகும் நாளை மேலே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். கையெல்லாம் சாராய வாடை. சவரத்துக்கு வந்த பாதிரியார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். உனக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். மூடியில் போட்ட தேதிக்குமுன் திறக்காதே.

தோகாஷி அம்மா நேற்று முடி வெட்ட வந்தார். வழக்கமாகப் பேசிக்கொண்டே இருப்பவர், கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நொபுகோ, தப்பா நெனச்சுக்காதே. உன் தம்பி இருக்கிற மாதிரி ரூமுக்கு டோக்கியோல வேற பேரு இருக்காம். எம் பையன் சொன்னான்" என்றார். என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. கத்தரி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. இப்போது அந்த அம்மா தொப்பியோடுதான் தெருவில் நடக்கிறார்.

உன்னிடம் சில விஷயங்கள் கேட்க வேண்டும். அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறதா? மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? கீழ்மாடி ஆட்கள் உன்னைப் பார்த்தால் பேசுகிறார்களா? எதிலாவது கையெழுத்துப் போடச் சொன்னார்களா? சொன்னால், 'கண்ணாடி எடுத்து வரவில்லை' என்று சொல். நான் சீட்டுக் கம்பெனிக்காரனை அப்படித்தான் துரத்தினேன்.

சும்மா கேட்டேன்.

வருடக் கடைசி வருகிறது. மேலதிகாரிக்கு மரியாதை செய்யும் வழக்கத்தை நம் வீட்டில் விட்டதில்லை. நெகொரோ சாருக்கு என்ன பிடிக்கும்?

நொபுகோ

*

யோகொஹாமா
நவம்பர் 21

அக்காவுக்கு,

பழம் வந்தது. தேதி பார்த்துத் திறந்தேன், தேன்தான். உசாமிக்கு இரண்டு கொடுத்தேன். தோலோடு தின்றுவிட்டு, "உங்க அக்கா கைய எங்க வரைபடப் பிரிவுக்கு அனுப்புப்பா, ஒரு இம்மி தவறாது" என்றார்.

ஜன்னல் இருக்கிறது. எல்லோரும் பேசுகிறார்கள். கையெழுத்து ஒன்றும் கேட்கவில்லை.

நெகொரோவுக்கு எதுவும் அனுப்பாதே. அவர் இனிப்புச் சாப்பிடுவதில்லை. பழமும் சாப்பிடுவதில்லை. தயவுசெய்து அனுப்பாதே.

மாதிரித் தேர்வில் 640. காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்.

கத்சுயா

*

யோகொஹாமா
டிசம்பர் 16

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நன்றாக இல்லாதவர்கள் ஊர்விட்டு ஊர் பெட்டி அனுப்ப மாட்டார்கள்.

அனுப்பாதே என்று எழுதினேன் அல்லவா? இன்று நெகொரோ என்னைக் கீழே கூப்பிட்டார். செப்டம்பருக்குப் பிறகு நான் அந்த மாடியில் கால் வைப்பது இப்போதுதான். மேசைமேல் உன் பெட்டி, மூடியில் உன் தூரிகை எழுத்தில் தேதி.

"உங்க அக்கா அனுப்பினாங்க. தேதி வரைக்கும் பொறுத்து, இன்னிக்கிக் காலைல பிரிவுல எல்லாருக்கும் நானே நறுக்கிக் குடுத்தேன்."

"எப்படி இருந்தது சார்?"

"ரொம்ப... ருசி" என்றார். அதைச் சொல்ல அவர் நாக்கு பல்லிலிருந்து பிரிந்து வரவே நேரமாயிற்று. கணக்குப் பிரிவுப் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். என் பழைய மேசையில் இப்போது அச்சு இயந்திரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்ற பையன் வாயை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் இருந்தான். துவர்ப்பு கொஞ்சமும் போகவில்லை, அக்கா. உன் கை தவறி நான் பார்த்ததில்லை.

அதோடு விட்டாரா? நீ வைத்த கடிதத்தை எடுத்து எனக்கே படித்துக் காட்டினார். 'என் தம்பிக்கு வேறு எந்த வேலையும் தராமல் நாள் முழுக்க உட்கார வைத்திருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் இப்படி யார் செய்வார்கள்? நீங்கள் செய்ததை எங்கள் குடும்பம் மறக்காது.' படித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இகராஷி, இது நன்றியா, இல்ல வேற ஏதாவதா?"

"நன்றிதான் சார். எங்க அக்கா வெகுளி. முடி வெட்டுறவங்க. மனசுல ஒண்ணு வெச்சுப் பேசத் தெரியாது."

இருபது வருடம் வேலை செய்த இடத்தில், எல்லோர் முன்னாலும், உனக்காக நான் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன். யாருக்கு நன்றி சொல்கிறோம் என்று தெரிய வேண்டாமா? அந்த ஆள் எனக்கு என்ன...

சரி, விடு. புத்தாண்டுக்கு நான் வரவில்லை. படிக்க வேண்டும்.

கத்சுயா

*

சகத்தா
டிசம்பர் 24

கத்சுயாவுக்கு,

பனிக்காற்று தரையிலிருந்து மேலே அடிக்கிறது, எதிர்க்கடை தெரியவில்லை. உன் கோபம் அதைவிடப் பரவாயில்லை. கோபப்படும் அளவுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

பழம் அப்படியா இருந்தது? அடடா. சில வருடம், சில பெட்டி அப்படி ஆகிவிடும். மரத்தின் குணம். ஆனால் உன் நெகொரோ சார் எனக்கு எழுதிய நன்றி அட்டை வேறு மாதிரி சொல்கிறதே. 'தாங்கள் அனுப்பிய பழங்கள் மிகவும் சுவையாக இருந்தன. பிரிவில் அனைவரும் மகிழ்ந்து உண்டார்கள்.' எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பதில் மரியாதையாக ஒரு டப்பா கடற்பாசித் தாள்களும் வந்திருக்கின்றன. டப்பா நன்றாக இருக்கிறது, கொண்டை ஊசி போட்டு வைத்திருக்கிறேன். இவ்வளவு துவர்ப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவை என்று எழுதும் மனிதர் மற்ற விஷயத்திலும் சொல்வது வேறு, இருப்பது வேறாகத்தான் இருப்பார். நான் வெகுளி, எனக்கென்ன தெரியும்.

வராவிட்டால் போ. வருடக் கடைசி இரவில் நூடுல்ஸ் சாப்பிடாமல் படுக்காதே. அரிசிப் பணியாரம் அனுப்பியிருக்கிறேன், சுட்டுத் தின்னு. அவசரமாக விழுங்காதே, தொண்டையில் அடைக்கும். உனக்கு எப்போதும் அங்கேதான் அடைக்கும்.

நொபுகோ

*

யோகொஹாமா
ஜனவரி 28

அக்காவுக்கு,

புது வருடத்தில் நான் எழுதும் முதல் கடிதம், தாமதத்துக்கு மன்னித்துவிடு. இங்கே பிளம் மொட்டு விட்டிருக்கிறது. நீ கீழே விழாமல் இருக்கிறாயா? கடை வாசல் பனியை மீன்கடைப் பையனைத் தள்ளச் சொல்.

தேர்வு எழுதிவிட்டேன். ஒரு கல்லூரியின் பெரிய வகுப்பில் உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் பள்ளிப் பெண்கள், பக்கத்தில் கழுத்துப்பட்டையோடு ஒருவர். ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்துப்பட்டை! பார்த்தவுடன் இவரும் ஏதோ ஒரு நான்காம் மாடிக்காரர் என்று பட்டது. ஒலிபெருக்கியில் அந்த ஆணும் பெண்ணும் பேச ஆரம்பித்தார்கள். வழக்கம்போல் சரக்கு தாமதம், கூட்டம் தள்ளிப்போயிற்று. எனக்கு எல்லாம் புரிந்தது, அக்கா. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆனால் என் கால் ஆடிக்கொண்டே இருந்ததால் கழுத்துப்பட்டைக்காரர், "தம்பி, மேச ஆடுது, கொஞ்சம்..." என்று கெஞ்சினார். இடது கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டே வலது கையால் எழுதி முடித்தேன்.

உசாமி போய்விட்டார். வாரா வாரம் கூப்பிட்டு அந்தத் தாளை நீட்டுவார்கள். அவர் போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டார். போகும்போது தன் பென்சில் சீவியை என் மேசையில் வைத்து, "நீ நெறைய சீவுவ, வெச்சுக்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். அவர் நாற்காலியை அன்றே எடுத்துவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது தேர்வைப் பற்றி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

கத்சுயா

*

சகத்தா
பிப்ரவரி 19

கத்சுயா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பனி, குளிர், இடுப்பு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. நேராகவே சொல்கிறேன்.

'கையெழுத்து ஒன்றும் கேட்கவில்லை' என்று நவம்பரில் எழுதியவன் நீ. 'வாரா வாரம் அந்தத் தாளை நீட்டுவார்கள்' என்று ஜனவரியில் எழுதியவனும் நீதான். எழுதியதைத் திருப்பிப் படிக்கக்கூட உனக்குத் தெம்பில்லை.

நானும் ஒரு பொய் எழுதினேன். தோகாஷி அம்மாவிடம் அந்த அறையின் பேரை நான் கேட்கவில்லை என்றேன். கேட்டேன். "வெரட்டுற ரூம்னு சொல்றாங்களாம் நொபுகோ. வேலையும் குடுக்க மாட்டாங்களாம், போன்னும் சொல்ல மாட்டாங்களாம். தானா மனசு விட்டுப் போற வரைக்கும் ஒக்கார வெப்பாங்களாம்" என்றார். கத்தரி ஏன் ஆழமாகப் போயிற்று என்று இப்போது புரிகிறதா?

உன்னிடம் ஏன் நேராகக் கேட்கவில்லை என்பாய். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். சகத்தா முழுக்க உன்னைப் பெருமையாகப் பேச வைத்துவிட்டு, அந்தப் பெருமையை நீ எங்கே உடைப்பது என்று வாயை மூடிக்கொண்டாய். அதில் என் பங்கும் உண்டு. இரவில் எழுந்து கடை விளக்கைப் போட்டு, காலி நாற்காலியைச் சுற்றிச் சுற்றித் துடைக்கிறேன்.

ஊருக்கு வா என்று சொல்ல மாட்டேன். அங்கேயே இரு என்றும் சொல்ல மாட்டேன். ஒன்றுதான் சொல்வேன். போவதானாலும் இருப்பதானாலும், உனக்கு என்ன வேண்டும் என்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல். என்னிடம் இல்லை, அவர்களிடம். கெண்டைமாதிரி நின்றாலும் பரவாயில்லை, மேடை ஏறு. கைதட்ட நான் இருக்கிறேன்.

நொபுகோ

*

யோகொஹாமா
மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே செர்ரி இன்னும் பூக்கவில்லை. அங்கே அன்னங்கள் வடக்கே கிளம்பிவிட்டனவா? நீ நன்றாகத் தூங்குகிறாயா? நாற்காலியைத் துடைத்தது போதும்.

தேர்வு முடிவு வந்தது. 745. நெகொரோவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"அடடே, வாழ்த்துகள். ஆனா இகராஷி, இந்தப் பிப்ரவரியிலேர்ந்து அளவு 800 ஆயிருச்சு. மேலிடத்து முடிவு. நான் என்ன பண்றது?" என்று சொல்லிக்கொண்டே, மற்றொரு கையால் அந்த ராஜினாமாத் தாளை நகர்த்தினார். "இல்லேன்னா, இதையும் ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க. மரியாதையா வெளிய போக நல்ல வழி."

"கண்ணாடி எடுத்து வரல சார்."

"நீங்க கண்ணாடியே போடறதில்லயே?"

"அதான் சார், எடுத்து வரல."

அவர் வாய் மறுபடியும் டிசம்பர் மாதத்துக்குப் போய்விட்டது. நான் வணங்கிவிட்டு மாடி ஏறினேன். படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், இனி எதையும் விடப்போவதில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஆங்கிலப் பேச்சு முறை சுற்றிச் சுற்றி இகராஷி என்ற பெயருக்கு வந்தது. எங்கள் அறைக்காரர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மற்ற எல்லாவற்றிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பின்வரிசையிலிருந்து நடந்து முன்னால் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் புதிய இயக்குநரம்மா வழக்கம்போல் புன்னகையோடு நின்றிருந்தார், மீன் பிடிப்பதைப் பற்றி இன்னொரு பேச்சுக்குத் தயாராக. முதலில் கெண்டைதான், அக்கா. வாய் திறந்தது, மூடியது. முழங்கால் ஆடியது. அப்புறம் பேசினேன். நம் மொழியில் எழுதினால் இப்படி இருக்கும்:

'காலை வணக்கம். என் பெயர் கத்சுயா இகராஷி. நான் நான்காம் மாடியில் இருக்கிறேன். அங்கே நாங்கள் நான்கு பேர். காலையில் வருகிறோம். ஆங்கிலம் படிக்கிறோம். மாலையில் போகிறோம். எங்கள் சரக்கு தாமதமாவதில்லை. எங்கள் கூட்டம் தள்ளிப்போவதில்லை. எங்கள் ஜெராக்ஸ் மிஷின் பழுதாவதில்லை. ஏனென்றால் எங்களுக்கு வேலை இல்லை. என்னை நானாகவே வெளியே போகச் சொல்கிறார்கள். நான் போக விரும்பவில்லை. எனக்கு வேலை வேண்டும். நன்றி.'

நம் மொழியில் பேசியிருந்தால், 'உங்கள் பொன்னான நேரத்தை வீணடிப்பதற்கு மன்னிக்க வேண்டும், கேட்கவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும்...' என்று சுற்றி வளைத்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வணங்கி இறங்கியிருப்பேன். ஆங்கிலத்தில் எனக்கு அந்தச் சுற்றுவழி தெரியாது. 'வேண்டும்' என்றால் 'வேண்டும்' என்று சொல்ல மட்டும்தான் அந்தப் புத்தகத்தில் இருந்தது.

இயக்குநரம்மாவின் புன்னகை போய்விட்டது. மொழிபெயர்ப்பவரைத் தடுத்து, என்னிடமே, "எத்தனை மாதமாக?" என்று கேட்டார். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. "ஆறு மாதமாக" என்றேன். அவர் திரும்பி நெகொரோவைப் பார்த்தார். நெகொரோ தன் செருப்பைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ ஒரே ஒருவர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். யாரென்று தெரியவில்லை. நீதான் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க யாரும் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நான்காம் மாடிக் கைபேசிப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பழைய மேசை கிடைக்கவில்லை, அது அச்சு இயந்திரத்துக்கே. என்னைக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளைச் சரிபார்க்க. குளிரும் தூசியும் உண்டு. நெகொரோ இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார், வழியில் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார். நாளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் நேற்று ஒரு சரக்கு தாமதமாக வந்தது, அக்கா. 'அது எங்கே?' என்று என்னைத் தேடிப் போன் வந்தது. என்னைத் தேடி! பதில் சொல்லும்போது கால் ஆடவில்லை.

டிசம்பரில் உன்னைத் திட்டியதற்கு மன்னித்துவிடு. ஒன்றும் அறியாமல் அன்பாக அனுப்பினாய்.

தம்பி,
கத்சுயா

*

சகத்தா
மார்ச் 20

என் தம்பிக்கு,

அன்னங்கள் போய்விட்டன. வாசல் பனி உருகி ஓடுகிறது, இடுப்பும் இன்று சும்மா இருக்கிறது. கிடங்கில் குளிரும் என்றாய், உன் பழைய கம்பளி உள்சட்டையைத் தைத்து அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் உரக்கப் படித்தேன். தோகாஷி அம்மா தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், முடி ஓரளவு வளர்ந்துவிட்டது. உன் பேச்சு வந்த இடத்தில் நான் படிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன், மீதியை அந்த அம்மாதான் படித்தார். படித்து முடித்ததும் நான் எழுந்து நின்று கைதட்டினேன். அந்த இரண்டு தட்டோடு இதையும் சேர்த்துக்கொள்.

உசாமி சாரின் முகவரி இருந்தால் அனுப்பு. இலையுதிர் காலம் வந்ததும் அவருக்கு ஒரு பெட்டி, தேன்போல் இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

ஒரு விஷயத்தை மட்டும் திருத்த வேண்டும். என் கை தவறி நீ பார்த்ததில்லை என்று எழுதினாயே, அப்போதும் தவறவில்லை. தோகாஷி அம்மா அந்தப் பேரைச் சொன்ன அன்று சாயங்காலமே நெகொரோவுக்கு ஒரு பெட்டி என்று முடிவு செய்துவிட்டேன். நன்றாகப் பார்த்துப் பார்த்துப் பெரிய பழமாக வைத்தேன், கடிதமும் மரியாதையாகத்தான் எழுதினேன், தேதியும் போட்டேன். சாராயம் மட்டும் தொடவில்லை.

அக்கா,
நொபுகோ